நாடா, வளையல், மல்லிகை

ஈரோட்டில் பார்லர் வைத்து 14 வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். விடிகாலை 4.30 முகூர்த்தம் என்றால் 1 மணிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விடுவேன். அந்தத் தைரியத்தில்தான் பெண்கள் மட்டுமே பாடும் ஒரு கோரஸ் குழுவின் ஆர்டருக்குத் தலையாட்டினேன். மொத்தம் 26 பேர். மூத்தவருக்கு வயது 67, இளையவளுக்கு 19. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் கோவை கோரா சேலை. பட்டும் பருத்தியும் கலந்தது, மடிப்பு விறைப்பாக நிற்கும். ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதை 26 ஆல் பெருக்கினால் ஆச்சு என்பது என் கணக்கு.

மேடை ஒத்திகையில் மூன்றாவது பாட்டிலேயே கணக்கு உதைத்தது. கீழ்க்குரல் பாடும் ஒருவர் பாதியில் நிறுத்தி, "ஏனுங்க, வரி முடியறதுக்குள்ள மூச்சு தீந்துருதுங்க" என்றார். குழுவை நடத்தும் அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தப்பு பாவாடை நாடாவில் இருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு நாடாவை இறுக்கித்தான் கட்டுவோம். பட்டுச்சேலையின் கனத்துக்குக் கொசுவம் இறங்கிவிடக் கூடாதே! பாடுகிறவர் மூச்சு இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கும், வயிறு முன்னால் வரும், கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும். நானோ மஞ்சள் மூட்டையைக் கட்டுவதுபோல 26 பேரையும் கட்டி வைத்திருந்தேன். நிகழ்ச்சிக்கு 40 நிமிடம் இருக்கும்போது அத்தனை பேருக்கும் அவிழ்த்து மறுபடி கட்டினோம். இப்போதெல்லாம் "நல்லா மூச்சை இழுத்துப் புடிங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு, அந்த நிலையில்தான் நாடாவுக்கு முடிச்சுப் போடுகிறேன்.

கண்ணாடி வளையல், கொலுசு எல்லாம் மைக்கில் கேட்கிறது என்று கழற்றச் சொன்னார்கள். நானும் ஒரே சில்வர் தட்டில் குவித்து வைத்தேன். திரும்ப யாருடையது எது என்று பிரித்துக் கொடுத்தது தனிக் கூத்து.

முகத்துக்கும் கணக்கு வேறுதான். பளபளக்கும் லிப்ஸ்டிக் வேண்டாம். வாயைப் பெரிதாகத் திறந்து 'ஆ' பாடினால் பல்லில் அப்பிக்கொள்ளும். மேட் லிப்ஸ்டிக்கை ஒரு கோட்டிங் போட்டு, டிஷ்யூவில் ஒற்றி, மறுபடி ஒன்று போட்டால் நிற்கும். சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷனும் ஆகாது. கேமரா ஃபிளாஷ் பட்டால் முகம் மட்டும் வெள்ளையடித்ததுபோல் விழும். ஹேர் ஸ்ப்ரே அடிப்பதானால் வேறு அறையில், அவர்கள் குரல் பழக ஆரம்பிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தொண்டைக்குள் போனால் அன்றைய பாட்டு போச்சு.

பூ விஷயம் நாடாவுக்கும் முன்னால், அன்று மதியமே நடந்தது. சத்தியமங்கலம் மல்லிகை 26 முழம் வாங்கிப் போயிருந்தேன். ஏசி போட்டு மூடிய அறை, அத்தனை பூ. ஐந்தே நிமிடத்தில் ஒரு பெண் தும்ம ஆரம்பித்தாள், அப்புறம் இன்னொருத்தி. "இன்னைக்கு யாருக்கும் பூ வேண்டாம்" என்று அந்த அக்கா சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பின்ன, பூ வாங்கிய காசு என்னுடையது. வாடிவிடாமல் ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். அந்த 67 வயது அம்மா, நான் பூவைப் பிரித்ததிலிருந்தே கதவோரமாக, கையில் பாட்டு ஃபைலோடு நின்றிருக்கிறார். வீட்டுக்காரர் இறந்து நாலு வருடமாம், யாரோ காதில் சொன்னார்கள். 26 முழம் என்று எண்ணி வாங்கியபோது எனக்கு அது தோன்றவே இல்லை.

பை மூடியதும் அவராகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரொம்ப வேண்டாங் கண்ணு. கடேசி வரிசைக்காரருக்கு வாய் தெரிஞ்சாப் போதும்."

வெளுத்துப்போன உதடு. மாநிறத்துக்கு எடுக்கும் செங்கல் நிறத்தைத் தேடி எடுத்தேன். ஒரு கோட்டிங், டிஷ்யூ, மறுபடி ஒன்று. கண்ணாடியைப் பார்க்காமல், மெதுவாக 'ஆ' என்று பாடிப் பார்த்துக்கொண்டார்.