ஆறு துணி நனைய வேண்டும்

ஆகஸ்ட் 1

விடிகாலை நாலேகாலுக்கு மகளுக்குப் பெண் குழந்தை. கோபி அரசு மருத்துவமனை. உடனிருக்க என்னையும் உள்ளே விட்டிருந்தார்கள். செவிலியர் குழந்தையைத் துடைத்த கையோடு மகளின் நெஞ்சின்மேல், தோலோடு தோலாகக் கிடத்தி, மேலே ஒரு துணியைப் போர்த்தினார். எடை பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். அந்தச் சின்ன உயிர் தலையை அசைத்து அசைத்து மார்பைத் தேடியது. முக்கால் மணி நேரத்தில் வாய் வைத்துவிட்டது.

2001-இல் இவளைப் பெற்றபோது, ஒரு தனியார் மருத்துவமனையில், மறுநாள் மாலைதான் என் கையில் கொடுத்தார்கள். அதற்குள் புட்டிப்பாலைப் பழக்கியிருந்தார்கள். ஒரே மாதத்தில் "உனக்குப் பால் இல்லை அம்மிணி" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஆகஸ்ட் 2

மருமகனின் ஆத்தா பவானியிலிருந்து வந்தார். பையில் சின்னக் கிண்ணம், சர்க்கரைத் தண்ணீர். மூத்தவர் நாக்கில் தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. செவிலியர் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஆத்தா, உங்கள் தோட்டத்தில் மாடு ஈன்றால் கன்றுக்குச் சீம்பால் விடாமல் சர்க்கரைத் தண்ணீரா ஊற்றுவீர்கள்?" என்று கேட்டார். ஆத்தா கிண்ணத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். பிள்ளையின் தலையைத் தடவி, தன் குணம் வர அது போதும் என்றார்.

சீம்பால் சில சொட்டுகளே வருகிறது, மஞ்சளாக. முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதுமாம்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கட்டிலுக்குக் கட்டில் முளைப்பாரிப் பேச்சு. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. குழந்தை இரவு முழுக்க அழுதது. மகளின் காம்பு வெடித்திருந்தது. 3 கிலோ 100 கிராம் இருந்த எடை 2 கிலோ 900 ஆகிவிட்டது. மாவுப்பால் வாங்க என் கால் கடைக்குப் போகத் துடித்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

இரவு இரண்டு மணிக்கு வந்த செவிலியர் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். "காம்பை மட்டும் கவ்வுகிறது, அதனால்தான் வலி." சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியை விடுவித்தார். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். காம்பால் மேலுதட்டை வருடிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறந்த நொடியில் பிள்ளையை மார்போடு அணைத்தார். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போனது. கீழுதடு வெளியே மடிந்தது, மோவாய் மார்பில் பதிந்தது. மகளின் முகம் தளர்ந்தது. சற்றுப் பொறுத்து, 'க்ளுக்' என்று விழுங்கும் சத்தம்.

ஏழு சதவீதம் வரை எடை குறைவது இயல்புதான், இரவில் குடிக்கக் குடிக்கத்தான் சுரப்பு கூடும் என்றார். இவளைப் பெற்றபோது எனக்கும் வெடித்திருந்தது. களிம்பு கொடுத்தார்கள். பிள்ளை எப்படிக் கவ்வுகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 4

சுவரில் 'பத்துப் படிகள்' ஒட்டியிருக்கிறது: பிறந்ததும் அணைக்கக் கொடு, தாயோடே வை, தேவையில்லாமல் வேறு பால் கொடுக்காதே. இவற்றை வைத்து உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-இல் மருத்துவமனைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கினவாம். மாவுப்பால் விளம்பரத்தைத் தடுக்கும் நம் நாட்டுச் சட்டம் 1992-இல் வந்தது. நான் பெற்றபோது இரண்டுமே இருந்திருக்கின்றன! என்னிடம் குறை என்று இத்தனை வருடம் நினைத்தேன்.

பக்கத்துக் கட்டில் பெண் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அறுவைசிகிச்சைப் பிரசவம், ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். 2017 முதல் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. இவளுக்கோ பீஸ் கணக்கில் கூலி. "இரண்டு மாதத்தில் போகாவிட்டால் மெஷினுக்கு வேறு ஆள் வந்துவிடும் அக்கா" என்கிறாள். வார்டில் இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொடுத்ததை வாசலுக்கு வெளியே யார் காப்பாற்றுவது? எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8

வீடு. செலவு ரசம், அதாவது மருந்துச் சரக்குகள் சேர்த்த ரசம் வைத்தேன். அது மகளின் உடம்புக்கு; பால் சுரப்பது பிள்ளையின் வாயால்தான் என்று இப்போது தெரியும். ஒரு நாளைக்கு ஆறு துணி நனைந்தால் பால் போதுகிறது என்று பொருள், எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார் செவிலியர்.

சாயங்காலம் கொடியில் எண்ணினேன். எட்டு. ஆடிக் காற்றில் ஒன்று பறந்து வேலியில் மாட்டியது, ஒன்பது.