தாளம் யார் கையில் இருந்தது?

நாட்டியத்துக்கு மிருதங்கம் வாசிக்கிற எல்லாருக்கும் தெரிந்த இக்கட்டுதான் இது. நட்டுவாங்கம், அதாவது ஆசிரியர் ஜால்ரா தட்டி, தாளச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது, ஒரு பக்கம் போகும், ஆடுகிறவரின் சலங்கை இன்னொரு பக்கம் போகும். யோசிக்க நேரம் இருக்காது. மலேசியாவில், கிள்ளானில் நடந்த ஓர் அரங்கேற்றத்தில் என் கை சலங்கையின் பக்கம் போனது. அன்றிரவு, ஆடிய பெண்ணின் டீச்சர் என்னிடம் கேட்ட கேள்விக்கு அப்போதும் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல வரவில்லை.

நடந்தது இதுதான். ஆதி தாளத்தில் வர்ணம் என்ற நீண்ட உருப்படி, அதில் தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதியான ஜதிகளில் நான்காவது. முடிவில் கார்வை என்கிற சின்ன இடைவெளி விட்டு விட்டு ‘ததிங்கிணதொம்’ என்ற சொல் மூன்று தடவை. ஒத்திகையில் அந்தப் பெண் அந்த இடத்தைத் தவறவிடவே இல்லை. மேடையில், முதல் ததிங்கிணதொம்முக்குப் பிறகு வரும் கார்வையில் அரை எண்ணிக்கை கூடுதலாக நின்றுவிட்டாள். டீச்சரின் தாளம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, சொல்லும் சுத்தமாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு ததிங்கிணதொம் பாக்கி. டீச்சரோடு போனால் சலங்கை தனியாகப் பின்னால் கேட்கும். பெண்ணோடு போனால் ஜால்ரா தனியாக முன்னால் கேட்கும். நான் பெண்ணோடு போனேன். அவள் கடைசி மிதியை வைத்தபோது என் அடியும் சேர்ந்தே விழுந்தது. பார்த்தவர்களுக்கு ஜதி அழகாக முடிந்தது போலத்தான் இருந்திருக்கும். டீச்சரின் ‘தொம்’ மட்டும் அரை எண்ணிக்கைக்கு முன்னாலேயே தனியாக வந்து போயிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பாடுகிற தம்பி என்னோடு சென்னையிலிருந்து வந்தவர். பல ஊர்களில் சேர்ந்து வாசித்த பழக்கத்தில், டீச்சரின் கையைப் பார்க்காமல் என் அடியைக் கேட்டுப் பல்லவியை எடுத்துவிட்டார். அதாவது மேடையில் தாளமே அரை எண்ணிக்கை தள்ளிப்போனது. டீச்சர் ஒரு தட்டைப் பிடித்து நிறுத்தி, எங்களோடு வந்து சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. முன்வரிசையில் அந்த வட்டாரத்து நாட்டிய ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜால்ரா தயங்கி நிற்பதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நிகழ்ச்சி முடிந்து மாலை மரியாதை, நன்றியுரை, நினைவுப்பரிசு எல்லாம் ஆன பிறகு, உள்ளே உட்கார்ந்து, மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பியிலிருந்து ரவைப் பசையை வழித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்தார். சத்தம் போடவில்லை.

“அண்ணே, அந்த ஜதியில தாளம் யார் கையில இருந்துச்சு?”

“உங்க கையிலதான் டீச்சர்.”

“அப்புறம் ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க?”

“பிள்ளை தடுமாறிடும்னு பார்த்தேன். அரங்கேற்றம் இல்லையா...”

“தடுமாறட்டும்ணே. தடுமாறினா எப்படிச் சேர்ந்துக்கணும்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். அதையும் சேர்த்துத்தான் இன்னைக்கு மேடையேத்தினேன்.”

நான் ஏதோ சொன்னேன். சலங்கைக்கு வாசிப்பதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் என்பது போல. அவர் தலையாட்டிவிட்டு, சாப்பாடு ஆறிப்போகும், வாங்க என்று சொல்லிப் போய்விட்டார்.

சலங்கைக்கு வாசிப்பது என் பாடம் என்றது சாக்கு இல்லை. கச்சேரி வாசிப்பிலிருந்து நாட்டியத்துக்கு வந்த புதிதில் என் குரு திரும்பத் திரும்பச் சொன்னது அதுதான்: நீ வாசிப்பது அவர்கள் காலில் தெரிய வேண்டும். பரதநாட்டியத்தைச் சதிர் என்று சொல்லி ஆடிய காலத்தில் முட்டுக்காரர் மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுகிறவருக்குப் பின்னால் நின்று வாசித்தார். ஆடுகிறவர் முன்னே போனால் இவரும் முன்னே போவார், பின்னே வந்தால் பின்னே வருவார். நட்டுவனாரும் பக்கத்திலேயே நின்றார். கால், தாளம், கொட்டு மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. 1930-களில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி பக்கவாத்தியக்காரர்களை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்த பிறகுதான் நாங்கள் ஆடுகிறவரை ஒரு பக்கமாகப் பார்க்கத் தொடங்கினோம். அந்த மாற்றத்தில் மேடைக்கு அழகு கூடியது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன் இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடிகிறது. இடது காதில் டீச்சரின் ஜால்ரா, வலது கண்ணில் பெண்ணின் கால். நான் கண்ணை நம்புகிறவன்.

இன்னொன்றும் உண்டு. அரங்கேற்றம் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான். அந்தக் குடும்பம் எனக்குத் தெரியும். நாங்கள் தங்கியது அவர்கள் வீட்டில். பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். ஒத்திகை நடக்கும்போதெல்லாம் கூடத்து மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடிகிற வரை எழுந்திருக்க மாட்டார். நேர வித்தியாசம் இரண்டரை மணிதான் என்றாலும் முதல் நாள் காலையில் எனக்குக் கண் திறக்கவில்லை. அவர்தான் காப்பியோடு வந்து எழுப்பினார். அந்தப் பாட்டி முன்னால் இருக்க, அந்தப் பெண் நடு மேடையில் கால் தட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் தாளத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? இதை யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் சாப்பிடும்போது அந்தப் பெண் என்னிடம் வந்து சொன்னது வேறு விதமாக உறுத்துகிறது. “அந்த நாலாவது ஜதிக்குத்தான் பயந்துகிட்டே இருந்தேன் அங்கிள். நல்ல வேளை, சரியா வந்துருச்சு.” நான் “நல்லா வந்துச்சும்மா” என்றேன். டீச்சர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது, அவ்வளவு பேர் முன்னால், அந்த நாளில். மூன்று கேமரா வைத்து வீடியோ எடுத்திருந்தார்கள். அந்தப் பெண் அதை எத்தனையோ தடவை போட்டுப் பார்ப்பாள். அதில் அவள் காலும் என் அடியும் ஒன்றாக இருக்கும். ஒட்டாமல் நிற்பது டீச்சரின் ஜால்ரா. தவறியது டீச்சர்தான் என்று அவள் நினைத்துக்கொண்டால்? அப்படி நினைக்கிற பெண் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என்றைக்காவது அவளும் நட்டுவாங்கம் செய்ய உட்கார்ந்தால், அந்த வீடியோவைப் பார்த்த உடனே புரிந்துவிடும் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் விமான நிலையத்துக்கு அவள் அப்பாதான் வண்டி ஓட்டி வந்தார். வழியெல்லாம் நன்றி. மிருதங்கப் பெட்டிகளை அவரே தூக்கி வண்டியில் வைத்தார். மாலைக்குள் நான் வீட்டில் இருந்தேன். அடுத்த வாரம் சிங்கப்பூர், அதற்கடுத்து கொழும்பு.

இங்கேதான் என் நியாயம் எனக்கே ஆட்டம் காண்கிறது. பயணம் செய்து வாசிக்கிறவன் ஒரு ஊருக்கு வருகிறான், ஒத்திகை பார்க்கிறான், மேடையில் ஏதோ ஒன்றை முடிவு செய்கிறான், போய்விடுகிறான். அதன் பலனோடு அந்த ஊரில் இருக்கப் போவது உள்ளூர் ஆசிரியர். அடுத்த மாதம் கோயில் விழாவில் அதே முன்வரிசை ஆசிரியர்களோடு அவர் உட்கார வேண்டும். அவர் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற பெற்றோர் அவர்களிடம் விசாரிப்பார்கள். நான் அந்தப் பாட்டியைப் பற்றி அவ்வளவு யோசித்தேன், டீச்சரைப் பற்றி அந்த நொடியில் யோசிக்கவே இல்லை. அந்த நொடியில் யாரைப் பற்றியும் யோசித்திருக்க முடியாது என்பதும் உண்மை. கைதான் போனது. பாட்டியை நான் அப்புறம்தான் துணைக்கு அழைத்துக்கொண்டேனோ என்னவோ.

சென்னையிலிருந்து போகிற எங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, வெளியே சொல்ல மாட்டோம். அங்கே போய் நாம்தான் நிகழ்ச்சியைக் கரை சேர்க்கிறோம் என்ற நினைப்பு. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சிங்கப்பூரில் கே.பி. பாஸ்கர் நாட்டியப் பள்ளி தொடங்கியது 1952-இல். கலாக்ஷேத்திராவில் கற்ற நீலா சத்தியலிங்கமும் அவர் கணவரும் அப்சராஸ் ஆர்ட்ஸைத் தொடங்கியது 1977-இல். கோலாலம்பூரில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-இல் இருந்து இருக்கிறது. அந்த மண்ணிலேயே கற்று, அந்த மண்ணிலேயே கற்பித்து, பேத்தி வயதுப் பிள்ளைகளை மேடையேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த டீச்சரின் சொல்லில் இருந்த சுத்தத்தை நான் சென்னையில் நினைத்த நேரத்தில் கேட்டுவிட முடியாது.

வகுப்பில் வாரா வாரம் அந்தப் பெண்ணுக்கு வாசித்த உள்ளூர்ப் பையன் ஒருவன் இருந்தான். நல்ல கை. வந்த நாளில் அவன்தான் எனக்கு ரவை வாங்கி வந்தான். மண்டபத்தில் ஏ.சி. குளிரில் மிருதங்கத்தின் வலப் பக்கமான வலந்தலையில் சுருதி ஏறிக்கொண்டே போனபோது, பக்கத்தில் நின்று சுருதி சேர்க்கும் கல்லும் புள்ளும் எடுத்துக் கொடுத்தான். அழைப்பிதழில் சென்னைப் பக்கவாத்தியம் என்று போட வேண்டும் என்பதற்காக அவன் கீழே உட்கார்ந்தான், நான் மேலே உட்கார்ந்தேன். வகுப்பில் அவள் அந்தக் கார்வையில் நின்றுவிடுகிற பழக்கம் உள்ளவள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் வாசித்திருந்தால் முதல் ததிங்கிணதொம் முடிகிற இடத்திலேயே ஒரு சின்ன அடி கொடுத்து அவளைத் தள்ளிவிட்டிருப்பான். தாளமும் தப்பாது, காலும் தப்பாது. எனக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் எனக்கு அவளைத் தெரியாது. இதற்கு வழி என்ன என்று பார்த்தால், என்னைப் போன்றவர்களைக் கூப்பிடாமல் இருப்பதுதான் வழி. அதைச் சொல்லும்போதே என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது என்பதும் தெரிகிறது. அதற்காகச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

சிங்கப்பூரில், வேறொரு நிகழ்ச்சியில், ஜதிஸ்வரம் என்ற உருப்படியில் இதே மாதிரி ஒன்று நடந்தது. ஆடியவர் கோர்வையில் ஓர் அடவை (ஆட்ட அசைவை) விழுங்கிவிட்டு முன்னால் ஓடினார். கிள்ளான் டீச்சரின் குரல் காதில் இருந்ததால் நான் நட்டுவாங்கத்தோடு இறுக்கமாக நின்றேன். அவர் நாங்கள் போவதைக் கேட்டார், இரண்டு மிதி விட்டார், கையை மட்டும் நிறுத்திவைத்து அடுத்த தாளச் சுற்றின் தொடக்கத்தில், சமத்தில், வந்து சேர்ந்தார். அவ்வளவு கம்பீரம். டீச்சர் சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொண்டே தங்குமிடத்துக்கு வந்தேன். ஆனால் அன்று ஆடியவர் பல ஆண்டுகளாக மேடையேறுகிறவர். முதல் தடவை சலங்கை கட்டி மேடையேறிய பெண்ணுக்கு அதே நிதானம் வந்திருக்குமா? டீச்சர் வரும் என்கிறார். அவருக்குத்தான் அந்தப் பெண்ணைத் தெரியும்.

அதற்குப் பிறகு கொழும்பில் மறுபடி ஓர் அரங்கேற்றம். சின்னப் பெண். தொடக்கத்தில் ஆடும் அலாரிப்பிலேயே லேசாகத் தளர்ந்தாள். இந்த முறை தாளத்தோடு நிற்பது என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவள் கால் பின்தங்கிய உடனே என் கை அங்கே போய்விட்டது. அங்கே நட்டுவாங்கம் செய்தவர் பெரியவர். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவரும் கூடவே வந்துவிட்டார். நிகழ்ச்சி முடிந்ததும், “நல்லாப் பிடிச்சீங்கள் தம்பி” என்றார். ஒரு ஊரில் குற்றமாக இருந்தது இன்னொரு ஊரில் கெட்டிக்காரத்தனமாக ஆகிவிட்டது. அந்தப் பாராட்டில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கிள்ளான் டீச்சர் பக்கத்தில் இருந்திருந்தால், பெரியவர் விட்டுக்கொடுத்தது அவராக விரும்பிச் செய்தது, என்னிடம் யாரும் கேட்கவில்லை என்றிருப்பார் என்றுதான் தோன்றியது.

இப்போது அதே டீச்சரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. இன்னொரு மாணவி. வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு மலேசிய அரசு தரும் புஸ்பால் அனுமதிக்கு பாஸ்போர்ட் நகல் கேட்டிருந்தார், அனுப்பிவிட்டேன். அந்த இரவைப் பற்றி அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. என்னைத் திரும்பக் கூப்பிட்டதால் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லை, இந்தத் தடவை அண்ணன் என் தாளத்தோடு நிற்பார் என்று நம்பிக் கூப்பிட்டிருக்கலாம். ஒத்திகையின் முதல் நாளே நேராகக் கேட்டுவிடலாம்: பிள்ளை தவறினால் நான் உங்களோடா, அவளோடா? ஆனால் ஒத்திகையில் அந்தப் பெண்ணும் அங்கேதான் நிற்பாள், தவறுவதைப் பற்றி அவள் முன்னால் பேசுவது நல்லதில்லை. தனியாகத்தான் கேட்க வேண்டும். இந்த முறை மிருதங்கத்தில் உட்காரப் போவது நானா, அந்தப் பையனா என்றும் அப்போதே கேட்டுவிட நினைக்கிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேட்டால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. இன்னும் கேட்கவில்லை.