ஆம்ப்ளிஃபயர் விலையில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் பார்ப்பவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க, நாலாயிரத்துக்கும் செட்டு கெடைக்குது, நாலு லட்சத்துக்கும் விக்கிறாங்க. உள்ளே அப்படி என்னத்தங்க வெச்சிருக்காங்க?" தென்னந்தோப்புக்காரரும் கேட்கிறார், வளைகுடாவில் இருந்து திரும்பி வந்த மலையாளி சேட்டனும் கேட்கிறார். வாயால் சொல்வதை விட மூடியைக் கழற்றிக் காட்டுவது எனக்குச் சுலபம். எழுத்தில் அது முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விலை சரிந்த பொருள்களை முதலில் பார்த்துவிடலாம். 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் சிடிபி-101 சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 1,68,000 யென். சிடியில் நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில் பதிந்திருக்கும் எண்களைத் திரும்ப ஒலியாக்குவது அந்தக் காலத்தில் பெரிய வித்தை. இன்றைக்கு அதே வேலையை அதைவிடச் சுத்தமாகச் செய்யும் ஐசி என்ற சின்னச் சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரெசிஸ்டர், சின்ன கண்டன்சர், போர்டு எல்லாமே மலிவுதான். ஆனால் செம்பும் அலுமினியமும் மரமும் மலியவில்லை. உட்கார்ந்து அளந்து பார்க்கும் ஆளின் நேரமும் மலியவில்லை. விலை உயர்ந்த பெட்டியில் பணம் போவது பெரும்பாலும் இந்த நாலுக்குத்தான்.

ஒரு நல்ல ஆம்ப்பைத் தூக்கினாலே தெரியும், பாதி கனம் டிரான்ஸ்ஃபார்மர். பாட்டில் மேளம் அடிக்கும் அந்த நொடியில் கேட்ட கரண்ட் கிடைக்க வேண்டும். எங்கள் பக்கம் தோப்புகளில் மோட்டார் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கும், அப்போதும் அது தாங்க வேண்டும். அதற்குச் செம்பு வேண்டும், அதைச் சுற்ற நல்ல கோர், அதாவது நடு இரும்பு, வேண்டும். டொராய்டு என்கிற வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றக் கோவைக்குத்தான் கொடுத்து அனுப்புவேன். சுற்றுபவரே முகம் சுளிக்கும் விலையில் இருக்கிறது செம்புக் கம்பி.

அடுத்தது சூடு. கிளாஸ் ஏ என்ற வகை ஆம்ப், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும். பாலக்காட்டு வெயில் ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் ஊர். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரில் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் சூட்டை வெளியே தள்ளும் அலுமினியத் தகடான ஹீட்சிங்க் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். அந்த ஹீட்சிங்கையும் முகப்புத் தகட்டையும் சேர்த்தால் உள்ளே இருக்கும் போர்டு விலையைத் தாண்டிவிடும். பத்தாயிரம் பெட்டி செய்பவருக்கு அச்சு செலவு பிரிந்து போகும். ஐம்பது பெட்டி செய்பவர் ஒவ்வொரு தகட்டையும் தனியாக மெஷினில் கடைய வேண்டும். பளபளப்புக்கு என்று சிலர் தேவைக்கு மேல் தடிமனாகவும் போடுகிறார்கள். அந்தக் காசு கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை.

அப்புறம் டிரான்சிஸ்டர். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அசெம்பிள் செட் செய்கிற எல்லோருக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடியைத் தெரியும். சந்தையில் இதற்குப் போலி ஏராளம். செத்துப்போன போலியைக் கட்டர் வைத்து உடைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு கடுகை விடக் கொஞ்சம் பெரிது. அசலை உடைத்தால் சில்லு நன்றாக அகலமாக இருக்கும். மேலே எழுத்து ஒன்றுதான், கறுப்பு உடம்பும் ஒன்றுதான். சத்தம் கூட்டியதும் போலி ஷார்ட் ஆகி, ஸ்பீக்கருக்கு நேராக டிசி, அதாவது ஒரே திசைக் கரண்ட், போய் அதன் உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருள் கருகிவிடும். அதனால் அசலை நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும். வாங்கிய அசலையும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஒவ்வொன்றாக மீட்டரில் போட்டு, ஒரே சூட்டில் வைத்து, கெயின், அதாவது கரண்டைப் பெருக்கும் அளவு, ஒத்துப்போகிறவற்றை ஜோடி சேர்க்க வேண்டும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல இருந்தால்தான் பாடுபவர் குரல் நட்டநடுவில் நிற்கும். ஒரு செட்டுக்கான ஜோடியைத் தேட ஒரு முழு நாள் போய்விடும். ஒதுக்கிய டிரான்சிஸ்டர்களின் காசும் அந்தப் பெட்டியின் தலையில்தான் விழும்.

ஸ்பீக்கரில் கணக்கு இன்னும் கடுமை. நொடிக்கு 40 அதிர்வுள்ள (40 ஹெர்ட்ஸ்) ஒலியை எழுப்பும் அதே கோன், அதாவது ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு, 20 ஹெர்ட்ஸை அதே அழுத்தத்தில் எழுப்ப வேண்டுமானால் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். அல்லது கோனின் பரப்பைக் கூட்ட வேண்டும். இரண்டிலும் பெரிய மேக்னட், நீளமான காயில், ஆடாத கனத்த பெட்டி என்று செலவு தாவும். இவ்வளவும் அந்தக் கடைசி ஒரு படி பாஸ், அதாவது அடித்தொண்டை ஒலிக்காக. வாட்ஸ் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: 100 வாட்ஸை 200 ஆக்கினால் ஒலி அளவில் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம்தான். காது 'இரண்டு மடங்கு சத்தம்' என்று உணர ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

இதற்கு மேல் கப்பல் கூலி, சுங்க வரி, ஜி.எஸ்.டி., டீலரின் பங்கு. எல்லாம் சேர்ந்து கொச்சிக்கு வரும்போது விலை ஊதிப் போயிருக்கும்.

கேபிள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வீட்டு அறையில் சில மீட்டர் தூரத்துக்கு எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் நல்ல செம்பு ஒயர் போதும். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்பீக்கர் கேபிள் வாங்க வந்தவரை, "சேட்டா, அந்தக் காசுக்கு அறையில் கனத்த திரையும் தரையில் விரிப்பும் போடுங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் எந்தப் பெட்டி வைத்தாலும் எதிரொலிதான் கேட்கும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. வெளிநாட்டுப் பெட்டிக்குக் கேட்ட விலையைக் கொடுக்கும் அதே ஆள், இங்கே ஒருவன் இரண்டு நாள் உட்கார்ந்து அளந்து ஜோடி சேர்த்த வேலைக்குக் கூலி என்றதும் "அதெல்லாம் எதுக்குங்க, பார்ட்ஸ் காசு மட்டும் போடுங்க" என்கிறார். வெளிநாட்டுக் கம்பெனியும் அந்த நேரத்துக்குத்தான் காசு வாங்குகிறது. அதனால் இப்போது என் பில்லில் சாமானுக்கு ஒரு வரி, அளந்து பார்த்த வேலைக்கு ஒரு வரி என்று பிரித்தே எழுதுகிறேன். இரண்டாவது வரியைக் குறைக்கச் சொன்னால், அளந்து குறித்த தாளை முன்னால் வைக்கிறேன். படித்துவிட்டுக் கொடுப்பவர்களும் உண்டு, வேறு கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அந்த வரியை மட்டும் நான் குறைப்பதில்லை.