தேநீரும் குளியலும் யாருடைய முடிவு?

லண்டனின் வடமேற்குப் பகுதியில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் மூத்த பராமரிப்பாளராகப் பணியாற்றும் நான், தமிழ்க் குடும்பங்களிடம் மிகுந்த பொறுமையோடு விளக்க வேண்டியிருக்கும் செய்தி ஒன்று உண்டு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டிமென்ஷியா வந்துவிட்டால், அவருக்காக முடிவெடுக்கும் உரிமை மூத்த மகனுக்கோ கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கோ தானாக வந்துவிடுவதில்லை. நெருங்கிய உறவினர் என்ற ஒரே காரணத்தால் வயதுவந்த ஒருவரின் சிகிச்சைக்கோ இருப்பிடத்துக்கோ இன்னொருவர் சம்மதம் தர இங்கிலாந்துச் சட்டத்தில் இடமில்லை. “நான்தானே மகன், எங்க கையெழுத்து வைக்கவேணும் எண்டு சொல்லுங்கோ” என்று பேனாவோடு வந்து நிற்பவர்களின் அன்பை நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. ஆனாலும் அவர்களை உட்காரவைத்து, முதலில் அம்மாவிடம் கேட்போம் என்று சொல்வதுதான் என் வேலை.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் மனத்திறன் சட்டம் 2005இல் நிறைவேறி, 2007இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதற்பிரிவு ஐந்து கொள்கைகளை வகுக்கிறது. திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். அவர் தாமே முடிவெடுப்பதற்கு உதவக்கூடிய வழிகள் அனைத்தையும் முயன்று பார்க்காமல் அவரால் முடியாது என்று தீர்மானிக்கக் கூடாது. முடிவு பிறருக்கு அறிவீனமாகத் தோன்றுகிறது என்பதற்காகவே திறன் இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. திறன் இல்லாத ஒருவருக்காக எடுக்கப்படும் முடிவு அவருடைய சிறந்த நலனுக்கானதாக இருக்க வேண்டும், அவருடைய சுதந்திரத்தை எவ்வளவு குறைவாகக் கட்டுப்படுத்தலாம் என்பதும் ஆராயப்பட வேண்டும்.

திறன் என்பது இங்கே குறிப்பிட்ட ஒரு முடிவைப் பற்றிய, குறிப்பிட்ட ஒரு நேரத்துக்குரிய கேள்வி. தேவையான தகவலைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும்வரையாவது அதை மனத்தில் வைத்திருக்கிறாரா, சாதக பாதகங்களைச் சீர்தூக்கிப் பார்க்கிறாரா, பேச்சாலோ சைகையாலோ வேறெந்த வழியிலோ தம் முடிவைத் தெரிவிக்கிறாரா என்று பார்க்கிறோம். இவற்றில் ஒன்று இயலாமற்போய், அதற்குக் காரணம் மூளை அல்லது மனச் செயற்பாட்டிலுள்ள குறைபாடு என்றால் மட்டுமே, அந்த முடிவுக்கான திறன் அவருக்கு அப்போது இல்லை என்கிறோம். வீட்டை விற்பது பற்றிச் சிந்திக்க இயலாத ஒருவர், இன்று எந்தச் சேலை உடுப்பது, யார் தம்மைப் பார்க்க வரலாம் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லக்கூடும். இது தெரிந்தும், கோப்பின் முதற்பக்கத்தில் “திறன் இல்லை” என்று மொத்தமாக எழுதி வைத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு, அந்த மனிதரிடம் எதையும் கேட்க வேண்டும் என்ற எண்ணமே பணியாளர்களுக்கு எழாமற்போகிறது.

ஐந்தில் அதிகம் புறக்கணிக்கப்படுவது, தாமே முடிவெடுக்க உதவ வேண்டும் என்ற இரண்டாவது கொள்கை என்பது என் கருத்து. காதுக்கருவியின் பற்றரி தீர்ந்திருக்கும்போது கேட்கப்படும் கேள்வி, சிறுநீர்த் தொற்றினால் மனம் குழம்பியிருக்கும் நாளில் செய்யப்படும் மதிப்பீடு, மாலையானால் பதற்றப்படுகிறவரிடம் மாலையிலேயே போய் நிற்பது, இவையெல்லாம் சட்டம் கேட்கும் உதவி ஆகமாட்டா. எங்கள் முதியவர்கள் விடயத்தில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. நாற்பது வயதுக்குப் பின் இங்கே வந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டவர்களில் பலர், டிமென்ஷியா முற்றும்போது முதலில் அந்த ஆங்கிலத்தைத்தான் இழக்கிறார்கள். அப்போது மகனே மொழிபெயர்ப்பாளராக அமர்கிறார். தாய் நீளமாகச் சொன்னதை அவர் “அம்மாவுக்குச் சம்மதம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். இடையில் தாய் சொன்ன தயக்கமும் நிபந்தனையும் சோஷல் வொர்க்கரின் காதுக்கு எட்டுவதேயில்லை. ஆகவே பெரிய முடிவு எதுவானாலும் குடும்பத்தைச் சேராத மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று நான் விடாமல் கேட்கிறேன். குடும்பத்தார் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு; மகனாக இருந்து தாயின் பேச்சைக் கேட்கும் இடம் உங்களுக்கு வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டு அனுபவங்களைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் ஓர் ஆங்கிலேயர். பக்கவாதத்தால் பேச்சு ஏறத்தாழ நின்றுபோயிருந்தது, விழுங்குவதிலும் சிரமம். நீர்மங்கள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரலாம் என்பதால், அவர் குடிக்கும் அனைத்திலும் கெட்டியாக்கும் மாவைக் கலக்க வேண்டும் என்பது விழுங்கல் சிகிச்சையாளரின் பரிந்துரை. நானும் அந்தத் தேநீரை ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறேன். தேநீரின் மணம் இருக்கிறது, ஆனால் கஞ்சிபோல் நாவில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. அவர் ஒவ்வொரு காலையும் கோப்பையைத் தள்ளிவிட்டார். பேச முடியாதவர், தள்ளுகிறார், ஆகவே அவருக்குப் புரியவில்லை என்று பணியாளர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். சிகிச்சையாளர் திரும்பி வந்து, நுரையீரலின் படத்தையும் இரண்டு கோப்பைகளின் படத்தையும் வரைந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு செய்தியாக விளக்கி, ஒவ்வொன்றுக்கும் பெருவிரலால் பதில் காட்டச் சொன்னார். சாதாரணத் தேநீர் தம்மை நோயாளியாக்கக்கூடும் என்பதையும், அதனால் சாகவும் கூடும் என்பதையும் அவர் தெளிவாக அறிந்திருந்தார். மறுநாளும் அதையே கேட்டோம், அதே பதில்தான். விரல் சாதாரணத் தேநீரைத்தான் காட்டியது.

“ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?” என்ற கேள்வி உடனே எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது. கவனமாகப் பதிவுசெய்வதும் ஆபத்தைக் குறைப்பதுமே அதற்கு விடை. யார் யார் இருந்தார்கள், எப்படி விளக்கினோம், அவர் எப்படிப் பதிலளித்தார் என்பதையெல்லாம் எழுதினோம். அவரை நிமிர்த்தி உட்காரவைப்பது, சிறிய மிடறுகளாகக் கொடுப்பது, குடித்த பிறகும் சற்றுநேரம் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றைக் கெயர் பிளானில் சேர்த்தோம். சில மாதங்களில் அவருக்கு மார்புத் தொற்று வந்து குணமாயிற்று. மீண்டும் படங்களை எடுத்துச்சென்று கேட்டோம். அவர் மனம் மாறவில்லை. அவர் விரும்பிய தேநீரை நாங்கள் தொடர்ந்து கொடுத்தோம்.

இரண்டாமவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். குளிப்பாட்டப் போனால் அலறுவார், கையைக் கீறுவார். குளிக்காவிட்டால் தோலில் என்ன ஆகும் என்பதை அவரால் மனத்தில் நிறுத்தி யோசிக்க முடியவில்லை என்பதால், அந்த முடிவுக்கான திறன் அவருக்கு இல்லை என்று முறைப்படி மதிப்பிடப்பட்டிருந்தது. அந்த மதிப்பீடு சரியானதுதான். ஆனால் அதன் அடுத்த வரியில் இருவர் பிடித்துக்கொண்டு குளிப்பாட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. திறன் இல்லாதவரின் கடந்தகால விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் கருத வேண்டும், அவரை அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்கிறது சட்டத்தின் நான்காம் பிரிவு. பிடித்து வைப்பதற்கு ஆறாம் பிரிவு விதிக்கும் நிபந்தனைகளும் கடுமையானவை: அவருக்குத் தீங்கு வராமல் தடுக்க அது இன்றியமையாததாகவும், அந்தத் தீங்கின் அளவுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

மகளிடம் கேட்டேன், அம்மா ஊரில் எப்படிக் குளிப்பா என்று. “கிணத்தடியிலதான் அக்கா. குறுக்குக்கட்டோட நிண்டு வாளியால அள்ளி ஊத்துவா. எங்களுக்கு முன்னாலகூட உடுப்பைக் கழட்டினதில்லை” என்றார். முன்பின் தெரியாத இருவர் வெளிச்சமான அறையில் உடைகளைக் களைந்து தலைக்குமேல் தண்ணீரைத் திறந்துவிட்டால், அந்தத் தலைமுறைப் பெண் வேறெப்படி நடந்துகொள்வார்? மகள் பழைய சீத்தைத் துணிகள் சிலவற்றைக் கொண்டுவந்தார். பெண் பணியாளர் ஒருவர் மட்டும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, குறுக்குக்கட்டுக் கட்டிவிட்டு, நாற்காலியில் இருத்தி, வாளியையும் கோப்பையையும் அருகில் வைத்து, முதல் கோப்பைத் தண்ணீரை அம்மாவே ஊற்றிக்கொள்ளும்படி விட்டார். “தண்ணி சூடு காணாது பிள்ளை” என்றார் அம்மா. அதன் பிறகும் மறுத்த நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் முகத்தையும் கையையும் துடைத்துவிட்டு மறுநாள் கேட்டோம். பிடித்து வைக்கும் வரி கெயர் பிளானிலிருந்து நீக்கப்பட்டது.

திறன் இல்லாதவரின் விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று புதிய பணியாளர்கள் கேட்கும்போது, முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்கள் தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் காப்பு நீதிமன்றம் (Court of Protection) 2015இல் விசாரித்த வை வேலி வழக்கை எடுத்துச் சொல்வேன். மனநோயோடு நெடுங்காலம் வாழ்ந்த 73 வயது முதியவர், அழுகிய பாதத்தை வெட்டி அகற்ற மறுத்தார். அகற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. நீதிபதி பீட்டர் ஜாக்சன் மருத்துவமனைக்கே சென்று அவரோடு பேசினார். அவருக்கு அந்த முடிவுக்கான திறன் இல்லை என்று கண்ட பிறகும், அவர் விருப்பத்துக்கு மாறாகக் காலை வெட்டுவது அவர் நலனுக்கு உகந்ததன்று என்றே தீர்ப்பளித்தார். கட்டிலருகே போய் உட்கார்ந்து கேட்பது இரவுப் பணியில் இருக்கும் எந்தப் பராமரிப்பாளருக்கும் இயலக்கூடிய காரியம். அதற்கு நேரம் ஒதுக்கப் போதிய பணியாளர்களை அமர்த்துவது நிர்வாகங்களின் கடமை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் ஆவணமான லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி இரண்டு வகைப்படும். பணம், சொத்து தொடர்பானதை மட்டும் பதிவுசெய்துவிட்டு, மருத்துவ முடிவும் தம் கையில்தான் என்று நம்பி வருகிறவர்கள் பலர். உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் உரியது வேறு படிவம். பெற்றோருக்குத் திறன் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும், திறன் போன பிறகே அது பயன்பாட்டுக்கு வரும். காலம் கடந்துவிட்டால் காப்பு நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். உடல்நல முடிவுகளுக்கென்று ஒருவரை அந்த நீதிமன்றம் நியமிப்பது அரிது. உடல்நலத்துக்கான அந்தப் படிவத்தில் விருப்பங்களை எழுதுவதற்கு ஒரு பகுதி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, படுக்கையிலிருந்து கண்ணில்படும் இடத்தில் சாமிப்படம், எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அருகே இருக்க விருப்பம், எந்த நிலையில் ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதையெல்லாம் அம்மாவையும் அப்பாவையும் கேட்டு, அவர்கள் சொன்னபடியே அதில் எழுதுங்கள்.