கேலக்ஸிக் கொத்துகளில் கரும்பொருள்: வானியற்பியல் தாளில் மதிப்பெண் கசியும் இடங்கள்

ஈர்ப்பால் பிணைந்த கேலக்ஸிகளின் பெருங்கூட்டமான கேலக்ஸிக் கொத்தில் கரும்பொருள், அதாவது ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியும் பொருள், இருப்பதற்குச் சான்று என்ன? இந்தக் கேள்விக்குப் பலரும் எழுதும் விடை வானியலாளர் ஸ்விக்கியின் பெயரில் தொடங்கி, "எனவே கரும்பொருள் உள்ளது" என்று முடிந்துவிடும். நடுவில் ஒரு கணக்குகூட இருக்காது. கேள்வி கேட்பவர் எதிர்பார்ப்பதோ அந்த நடுப்பகுதியைத்தான்: ஒரு கொத்தின் நிறையை எந்தெந்த வழியில் கணக்கிடலாம், ஒவ்வொரு வழியும் எதை நம்பி நிற்கிறது, கண்ணுக்குத் தெரியும் பொருள் அதில் எத்தனை பங்கு. வழிகள் மூன்று: கேலக்ஸிகளின் வேகம், சூடான வாயு, ஈர்ப்பு வில்லை (கொத்தின் ஈர்ப்பு பின்னணி ஒளியை வளைப்பது). ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பழகியிருந்தால் போதும்.

1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்துக்குப் போட்ட கணக்கை முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். அவர் எடுத்துக்கொண்டது 800 கேலக்ஸிகள், ஒவ்வொன்றும் 100 கோடி சூரிய நிறை, கொத்தின் ஆரம் 10 லட்சம் ஒளியாண்டு, அதாவது 0.307 மெகாபார்செக். சீரான கோளத்துக்கு விரியல் தேற்றம் (சமநிலையில் உள்ள கூட்டத்தின் வேகத்தையும் ஈர்ப்பையும் இணைக்கும் விதி) தரும் வேகத்தின் வர்க்கம் = 0.6 × ஈர்ப்பு மாறிலி × நிறை ÷ ஆரம். ஈர்ப்பு மாறிலியை 4.30 × 10⁻⁹ என்று, மெகாபார்செக், கி.மீ./விநாடி, சூரிய நிறை அலகுகளில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அலகு மாற்றத்தில் சறுக்குவது பாதியாகக் குறையும். விடை 82 கி.மீ./விநாடி. ஸ்விக்கி எழுதியது 80. அளந்து கிடைத்ததோ ஆயிரத்தை எட்டியது. அடர்த்தி குறைந்தது 400 மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்றார்.

இங்கே ஒரு துணைக்கேள்விக்கு நிறைய வாய்ப்பு உண்டு: அந்த 400 இன்றைக்கு எவ்வளவு? அவர் பயன்படுத்திய ஹபிள் மாறிலி (அண்டம் விரியும் வீதம்; இது குறைந்தால் கணக்கிடும் தொலைவு கூடும்) 558 கி.மீ./விநாடி/மெகாபார்செக். இன்றைய மதிப்பு சுமார் 70. தொலைவுகள் ஏறத்தாழ 8 மடங்கு கூடுகின்றன. விரியல் நிறை தொலைவுக்கு நேர் விகிதத்தில் மாறும், ஒளிர்வு தொலைவின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். ஆகவே நிறைக்கும் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் 8 மடங்கு குறைந்து 50 அளவுக்கு வரும். முரண்பாடு சுருங்குகிறது, மறையவில்லை. இந்த ஒரு பத்தியை எழுதினாலே புரிந்து படித்தவர் என்று தெரிந்துவிடும்.

இன்றைய எண்களோடு: பார்வைக் கோட்டில் திசைவேகச் சிதறல் (கேலக்ஸிகளின் வேகங்கள் சராசரியிலிருந்து விலகும் அளவு) 1000 கி.மீ./விநாடி, ஆரம் 1.5 மெகாபார்செக். நிறை = 5 × சிதறலின் வர்க்கம் × ஆரம் ÷ ஈர்ப்பு மாறிலி = 1.7 × 10¹⁵ சூரிய நிறை. அந்த 5 எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். நாம் அளப்பது ஒரு திசை மட்டும், முழு வேகத்தின் வர்க்கம் அதைப் போல 3 மடங்கு, அதை 0.6-ஆல் வகுத்தால் 5. இந்த 3-ஐ விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சிகளை (ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் விகிதம்) பட்டியலாகக் கொடுத்துச் சிதறலைக் கேட்டால், சராசரியைக் கழித்து ஒளிவேகத்தால் பெருக்கினால் மட்டும் போதாது. (1 + சராசரிச் செம்பெயர்ச்சி)-ஆல் வகுக்கவும் வேண்டும். பட்டியலில் கொத்தைச் சேராத முன்னணி, பின்னணி கேலக்ஸிகள் ஓரிரண்டு ஒளிந்திருக்கும். மூன்று சிதறலுக்கு அப்பால் இருப்பவற்றை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள். சிதறல் வர்க்கமாகிறது, ஓர் அந்நியன் உள்ளே இருந்தாலும் நிறை ஊதிவிடும்.

அடுத்து வாயு. கொத்துகளை நிரப்பியிருக்கும் வாயு பல கோடி கெல்வின் சூட்டில் எக்ஸ் கதிர் வீசுகிறது. வாயு சமநிலையில் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால், அழுத்தச் சரிவே உள்ளே இழுக்கும் நிறையைச் சொல்லிவிடும். வெப்பநிலை எங்கும் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், ஆரம் 1 மெகாபார்செக், அடர்த்தியின் மடக்கைச் சரிவு (ஆரத்தோடு அடர்த்தி குறையும் அடுக்கு) −2.25, சராசரித் துகள் நிறை புரோட்டானின் 0.6 என்று கொண்டால் 6.7 × 10¹⁴ சூரிய நிறை வரும். 0.6-க்குப் பதில் 1 என்று போடுகிறவர்கள் உண்டு. அயனியான வாயுவில் எலெக்ட்ரான்களும் அழுத்தம் தருகின்றன என்பதை மறப்பதால் வருவது அது. இரண்டு கொத்துகள் அண்மையில் மோதியிருந்தால் சமநிலை என்ற அனுமானமே ஆட்டம் காணும். அனுமானத்தைக் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஈர்ப்பு வில்லைக்குச் சமநிலை எதுவும் தேவையில்லை, அதுதான் அதன் பலம். பொறி வேறிடத்தில் இருக்கிறது. செம்பெயர்ச்சி 0.3-இல் கொத்து, 1.5-இல் பின்னணிக் கேலக்ஸி, ஐன்ஸ்டைன் ஆரம் (வளைந்த ஒளி அமைக்கும் வளையத்தின் கோண ஆரம்) 30 வில் விநாடி. கோண விட்டத் தொலைவுகள் (தோன்றும் கோண அளவிலிருந்து வரும் தொலைவுகள்) 920, 1745 மெகாபார்செக். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு 1745 − 920 = 825 என்று எழுதினால் தவறு. தட்டையான அண்டத்தில் 1745 − (1.3 ÷ 2.5) × 920 = 1267. நிறைக்குச் சரியான விடை 1.4 × 10¹⁴ சூரிய நிறை. வெறுமனே கழித்தவருக்கு 2.15 × 10¹⁴ வரும், ஐம்பது சதவீதத்துக்கும் மேல் பிழை.

இன்னொன்று. இந்த 1.4 × 10¹⁴ என்பது 0.13 மெகாபார்செக் ஆரமுள்ள, பார்வைக் கோட்டை ஒட்டிய உருளைக்குள் இருக்கும் நிறை. விரியல் விடையோடு ஒப்பிட்டு "முறைகள் முரண்படுகின்றன" என்று எழுதிவிடாதீர்கள். எந்த ஆரம், கோளமா உருளையா என்று விடைக்குப் பக்கத்திலேயே குறித்துவிடும் பழக்கம் நல்லது.

பங்கீடு கேட்டால்: பெரிய கொத்தில் விண்மீன்கள் ஓரிரு சதவீதம், வாயு 12 முதல் 15 வரை, மீதி கரும்பொருள். "காணாத நிறை வாயுவாக இருக்கலாமே" என்ற மறுப்புக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: வாயு விண்மீன்களைவிடப் பல மடங்கு, ஆனாலும் போதவில்லை. பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவுகள்படி அண்டத்தின் மொத்தப் பொருளில் சாதாரணப் பொருள் 16 சதவீதம். கொத்துக் கணக்கு அதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

புல்லட் கொத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். செம்பெயர்ச்சி 0.296-இல் இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றிருக்கின்றன. வாயுக்கள் மோதி நடுவில் பின்தங்கின. கேலக்ஸிகள் தடையின்றிக் கடந்தன. 2006-இல் வெளியான வில்லை ஆய்வில் நிறை உச்சங்கள் வாயுவோடு இல்லாமல் கேலக்ஸிகளோடு இருந்தன. பரவலாகப் பகிரப்படும் படத்தில் இளஞ்சிவப்பு நிறம் சந்திரா தொலைநோக்கி பார்த்த வாயு, நீலம் வில்லை தந்த நிறை; நிறங்களை மாற்றி எழுதினால் வாதமே தலைகீழாகிவிடும். "கரும்பொருளை நேரடியாகப் பார்த்தார்கள்" என்றும் எழுதக் கூடாது. பார்த்தது ஈர்ப்பின் விளைவை. முழு மதிப்பெண்ணுக்கான வாக்கியம் வேறு: சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயு, அது இருக்கும் இடத்தில் நிறை உச்சம் இல்லை.

நியூட்டன் விதியையே திருத்தினால் என்ன என்ற கேள்வி வந்தால், அப்படித் திருத்தும் மாண்ட் (MOND) கோட்பாட்டைக் கேலி செய்ய வேண்டாம். தனிக் கேலக்ஸிகளின் சுழற்சி வேகத்தை அது நன்றாகவே விளக்குகிறது. கொத்துகளில்தான் இடறுகிறது: அதன் விதிப்படி கணக்கிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் பொருளைப் போல சுமார் இரு மடங்கு நிறை தேவைப்படுகிறது.