பாத்திமா அன்னை ஆலயத்தில் யோவான் 21

தர்மபுரியில் பஸ் ஏறி, காவேரிப்பட்டணம் தாண்டினால் கிருஷ்ணகிரி. இங்குள்ள தூய பாத்திமா அன்னை திருத்தலத்துக்குத் திருவிழா நாளில் வந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிச் செபிக்கலாம், அதுவும் அருமைதான். இந்த முறை வேண்டுமென்றே ஒரு வார நாளில் போனேன். ஆண்டவரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் போல இருந்தது.

பாத்திமா என்றதும் 1917, போர்ச்சுகல், அன்னை மரியா காட்சி தந்த, ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகள், செபமாலை எல்லாம் நினைவுக்கு வரும். அந்த மூவரில் எனக்குப் பிரியமானவன் சிறுவன் பிரான்சிஸ்கோ. அவன் அன்னையைக் கண்டான், ஆனால் அவர் பேசியது அவன் காதில் விழவில்லை. லூசியாவும் ஜசிந்தாவும் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். பிறகு லூசியா பள்ளிக்கூடம் போகிற வேளையில் இவன் கோவிலிலேயே தங்கி, நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழைக்கு அருகில், அதில் "மறைந்திருக்கும் இயேசு"வுக்குத் துணையாக இருப்பான். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. 1919இல் பத்து வயதில் இறந்துபோன அந்தப் பிள்ளையை 2017 மே 13 அன்று திருச்சபை புனிதர் என்று அறிவித்தது. நாம் பேழை முன்னால் நின்றதும் மன்றாட்டுகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பிக்கிறோம். அவனோ கூட இருப்பதற்காகவே போனான்.

ஒரு செபமாலை சொல்லி முடித்து, விவிலியத்தில் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். உயிர்த்த இயேசு கடற்கரையில் சீடர்களுக்குத் தோன்றுகிற பகுதி அது. அவசரமில்லாமல், ஒரு வசனத்துக்கு ஒரு மூச்சு விட்டு வாசித்தேன். நற்செய்திக் காட்சிக்குள் நாமே போய் நின்று பார்க்க வேண்டும், பிறகு நண்பனிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேச வேண்டும் என்று இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லித் தந்திருக்கிறார். இந்தக் காட்சி நடக்கிற திபேரியக் கடலை, அதாவது கலிலேய ஏரியை, நான் கண்டதில்லை. அதனால் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலுள்ள கே.ஆர்.பி. அணைக் கரையைக் கண்முன் கொண்டுவந்தேன். விடியற்காலைத் தண்ணீர், ஈர வலை, மீன் பொரிக்கிற வாசம். இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத சீடர்கள் ஏழு பேர். இப்போது வலையில் 153 பெரிய மீன்கள். கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம்.

அந்தக் கரி நெருப்பிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. 18ஆம் அதிகாரத்தில் தலைமைக் குருவின் முற்றத்தில், குளிர் காய்ந்துகொண்டே பேதுரு இயேசுவைத் தெரியாது என்கிறார். இங்கே இயேசுவே தீ மூட்டி, சமைத்து, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் வயிறாரச் சாப்பிட வைக்கிறார். அப்புறம்தான், "நீ என்மீது அன்பு செலுத்துகிறாயா?" மறுதலித்தது மும்முறை, இந்தக் கேள்வியும் மும்முறை.

நானும் அந்த நெருப்போரம் உட்கார்ந்தேன். கேள்வி என்னிடமும் வந்தது. "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியுமே" என்று பேதுரு சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை, தேவையாகவும் இல்லை. பேழை அருகே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கிறார் என்ற நினைப்பே போதும் என்றிருந்தது.

ஆனால் ஆண்டவர் பேதுருவை அதோடு விட்டுவிடவில்லை. என் ஆடுகளைப் பேணி வளர் என்று வேலையும் கொடுக்கிறார். எனக்கு என்ன வேலை ஆண்டவரே என்று கேட்டேன். நிலப் பங்கு விஷயத்தில் பேச்சு நின்றுபோன என் அக்காவின் முகம்தான் வந்தது. வேறு யாரையாவது நினைத்துப் பார்த்தேன், மறுபடியும் அக்காதான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போன் போட்டேன். "யாரு?" என்றாள் முதலில். "நான்தான் அக்கா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வரேன். சாப்பாடு அங்கதான்" என்றேன். "மீன் வாங்கி வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.