தில்லைக்குள் விழுந்த புள்ளி

மட்டக்களப்பு வாவியோரத்தில் கண்டற்காட்டின் எந்த மர இனம் எங்கே நிற்கிறது என்று கணக்கெடுக்கும் வேலைக்குக் கள உதவியாளனாகப் போன முதல் வாரமே ஒரு களவு செய்தேன். 12 மீற்றர்க் களவு.

வரைபடத்தில் கட்டம் கீறி, கணினி தரும் எழுமாற்று எண்ணால் புள்ளியைத் தெரிவுசெய்வோம். புள்ளிக்குப் போய் 10க்கு 10 மீற்றர் கயிறு கட்டி உள்ளே நிற்கும் மரங்களை எண்ணி, சுற்றளவு எடுக்கவேண்டும். மற்ற மரங்களுக்கு நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடாவைப் பிடிக்கலாம். கண்டலில் அது சரிவராது. அதன் தண்டைத் தாங்கும் மிண்டிவேர் சிலவேளை நெஞ்சுக்கு மேலிருந்தே இறங்கும். ஆக மேல் வேரைத் தேடிப் பிடித்து, அதற்கும் 30 சென்ரிமீற்றர் மேலே அளப்போம். நுளம்பு கடிக்கக் கடிக்க.

மூன்றாம் நாள், படுவான்கரைப் பக்கம். புள்ளி தில்லைப் பற்றைக்குள் விழுந்துவிட்டது. தில்லைக் கொப்பு முறிந்தால் வெள்ளையாய்ப் பால் வடியும், கண்ணில் பட்டால் தொலைந்தோம். முழங்காலுக்கு மேல் சேறு வேறு. ஜீபீஎஸ் இன்னும் 12 மீற்றர் என்று காட்டிக்கொண்டு நின்றது.

"அங்க என்னத்துக்குத் தம்பி போறீங்க? இஞ்ச நல்ல மரம் நிக்குதே. இதக் கட்டுங்க, மறுகா வெள்ளனப் போயிரலாம்" என்றார் தோணிக்கார ஐயா, கம்பை ஊன்றியபடி. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தண்ணியோரத்திலேயே கட்டினேன். அடுத்த இரண்டு புள்ளியையும் அப்படியே.

பின்னேரம், கணக்கெடுப்பை நடத்திய சேர் என் மரக்கணக்கைப் பார்க்கவே இல்லை. புள்ளிகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். "என்ன தம்பி, எல்லாம் தோணி நிண்ட இடத்திலயே கிடக்கு?"

கண்டல் தண்ணி விளிம்பில் நிற்கும். தில்லை உள்ளே, தரைப்பக்கம். ஓர் இனம் எத்தனை சதுரங்களில் வருகிறது என்பதுதான் அதன் மீடிறன். என் தாளின்படி அந்தக் கரையில் தில்லையே கிடையாது. வழிமறித்து நின்ற மரம், தாளில் பூச்சியம்!

மறுநாள் மூன்றையும் திரும்பக் கட்டினோம். முழு நாளும் போனது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை, எனக்கென்று ஒரு கம்பு வெட்டி வைத்திருந்தார்.

பிறகொரு நாள் ஒரு புள்ளிக்குப் போகிற வழியில் முதலை கிடந்தது. கயிற்றை நகர்த்தவில்லை. "போகமுடியவில்லை, முதலை" என்று எழுதிக் கொடுத்தேன். சேர் வாசித்துவிட்டுத் தாளைக் கோப்பில் போட்டார்.